முடங்கிய மூட்டு: குருதியுறையா நோயின் வரலாற்றில் ஓய்வும் இயக்கமும்

குருதியுறையா நோயின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றையே மேற்கொண்டனர். ஒன்று அரண்மனை வழி. விக்ரோறியா மகாராணியின் வழித்தோன்றல்கள் மூலம் ஐரோப்பிய அரச குடும்பங்களுட் புகுந்த இந்நோய், ஈற்றில் உருசியப் பேரரசின் வீழ்ச்சிக்கே காரணமாயிற்று எனக் கதைபோலச் சொல்லிச் செல்லும் வழி அது. மற்றையது ஆய்வுகூட வழி. குருதியை உறையச் செய்யும் காரணிகள் எப்பொழுது, எவராற் கண்டுபிடிக்கப்பட்டன என்பதை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்வது அது. இவ்விரு வழிகளும் பயனற்றவை என நாம் கூறவில்லை. ஆயின், நோயாளர் நாள்தோறும் அனுபவித்து வந்த ஒன்று இவ்விரண்டிலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகின்றது. முழங்கால் மடங்கி நிமிராமற் போதலும், முழங்கை நீளாமற் போதலும், கணுக்கால் ஒவ்வோர் அடிக்கும் நோதலுமே அது. இக்கட்டுரையில் நாம் மூட்டின் பக்கத்திலிருந்து இவ்வரலாற்றை நோக்க முயல்கின்றோம். அவ்வாறு நோக்குமிடத்து, நோயின் விளைவென நெடுங்காலமாகக் கருதப்பட்ட ஊனத்தின் ஒரு பகுதி சிகிச்சையினாலேயே விளைந்தது என்பதும், அச்சிகிச்சை தானும் அவ்வக் காலத்துப் பொருள்நிலையினாலே தீர்மானிக்கப்பட்டது என்பதும் புலனாகும்.

நோயின் இயல்பைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். குருதி உறைவதற்குத் தேவையான புரதங்களுள் எட்டாம் காரணி குறைவுபடின் அது ஏ வகை எனவும், ஒன்பதாம் காரணி குறைவுபடின் பி வகை எனவும் வழங்கப்படும். ஏறத்தாழ 5000 ஆண் பிறப்புக்களுக்கு ஒன்று என்ற அளவில் ஏ வகை காணப்படுகின்றது. பி வகை அதனினும் அரிது. தாய்வழியாகக் கடத்தப்பட்டுப் பெரும்பாலும் ஆண்மக்களிலே வெளிப்படும் இந்நோயின் கடுமை, குருதியில் எஞ்சியிருக்கும் காரணியின் அளவைப் பொறுத்தது. இயல்பான அளவின் நூற்றில் ஒரு பங்கினும் குறைவாக உடையோரிடத்து இது கடுமையானதாகும். சிறு கீறலினால் இவர்கள் குருதி வடிந்து இறந்துபோவர் என்பது பொதுமக்களிடையே நிலவும் எண்ணம். உண்மையில் தோலிற் படும் சிறு காயம் இவர்களுக்குப் பேராபத்தன்று. ஆபத்து உள்ளே இருக்கின்றது. வெளிப்படையான காரணம் எதுவுமின்றி, உறங்கி எழும்பொழுதே முழங்காலினுள் குருதி கசிந்திருக்கும். முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூன்று மூட்டுக்களுமே இக்கசிவின் பெரும்பங்கை ஏற்கின்றன.

மூட்டினுள் நிகழ்வது யாது என்பதை விளங்கிக்கொள்ளாது பின்வரும் வரலாற்றை விளங்கிக்கொள்ளல் இயலாது. மூட்டின் உட்புறத்தை ஒரு மென்சவ்வு போர்த்திருக்கின்றது. எலும்பு முனைகளைக் கசியிழையம் மூடிநிற்கின்றது. கசிந்த குருதியிலுள்ள செங்குழியங்கள் சிதையும்பொழுது வெளிப்படும் இரும்பை இம்மென்சவ்வு உள்வாங்குகின்றது. உள்வாங்கிய சவ்வு தடிக்கின்றது. அதிலே புதிய, நொய்தான குருதிக்கலன்கள் பெருகுகின்றன. அவை எளிதில் உடைந்து மீண்டும் குருதியைக் கசியவிடுகின்றன. ஒரு கசிவு மறு கசிவுக்கு வழிசெய்யும் இச்சுழற்சியிற் சிக்கிய மூட்டையே மருத்துவர் ‘இலக்கு மூட்டு’ என்பர். கசியிழையத்தின் நிலை இன்னும் கவலைக்குரியது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகர ஆய்வாளர், குருதியோடு சில நாட்கள் தொடர்புற்ற மாத்திரத்திலேயே கசியிழைய உயிரணுக்கள் மீளாத வகையில் மாள்வதை ஆய்வுகூடத்திற் காட்டினர். கசியிழையம் தன்னைத்தானே புதுப்பிக்கும் ஆற்றல் பெரிதும் அற்றது. எனவே ஐந்து வயதிற் கசிந்த குருதியின் விளைவை ஒருவர் ஐம்பது வயதிலும் சுமக்க நேர்கின்றது.

இத்துடன் தசையின் கதையும் சேர்கின்றது. வீங்கி வலிக்கும் முழங்காலை எவரும் சற்று மடக்கியே வைத்திருப்பர். அந்நிலையிலே மூட்டினுள் அழுத்தம் குறைவு. மடக்கிய நிலையில் வாரக்கணக்கிற் கிடந்தால், முழங்காலை நிமிர்த்தும் தொடையின் முன்புறத் தசை வெகுவிரைவில் மெலிகின்றது. பின்புறத் தசைநாண்கள் சுருங்குகின்றன. தசை மெலிந்த மூட்டு உறுதியற்றது. உறுதியற்ற மூட்டு சிறு அசைவிலும் பிறழ்ந்து மீண்டும் குருதி கசிகின்றது. முதலாவது சுழற்சி குருதியால் ஆனது. இரண்டாவது, அசையாமையால் ஆனது. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே நூறாண்டுக்கால மருத்துவத்தின் இடர்ப்பாடாக இருந்தது.

இந்நோயைப் பற்றிய நவீன விவரணம் 1803ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகர மருத்துவர் ஜோன் கொன்றாட் ஒற்றோ எழுதியதிலிருந்து தொடங்குவதாகக் கொள்வர். பெண்கள் கடத்த ஆண்கள் பாதிக்கப்படும் குடும்பங்களை அவர் விவரித்தார். 1828இல் வெளிவந்த ஹொப்வ் என்பாரின் ஆய்வேட்டின் வழியாக நோய்க்கு இன்று வழங்கும் மேனாட்டுப் பெயர் வழக்கிற்கு வந்தது. எனினும் மூட்டு வீக்கத்தின் உண்மைக் காரணம் நெடுங்காலம் தெளிவுபெறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீங்கிய மூட்டைக் கண்ட மருத்துவரின் உள்ளத்தில் முதலில் எழுந்தது காசநோய் பற்றிய ஐயமே. ஐரோப்பிய நகரங்களின் ஏழைக் குடியிருப்புக்களில் எலும்பு மூட்டுக் காசநோய் அத்துணை பரவியிருந்தது. காசநோயெனக் கருதிக் கத்தி வைக்கப்பட்ட மூட்டுக்களிலிருந்து குருதி நில்லாது பெருகி இறந்தோர் உளர். ஜேர்மனியச் சத்திரசிகிச்சை நிபுணரான பிரான்ஸ் கோனிக் 1892ஆம் ஆண்டில் இவ்வபாயத்தை எடுத்துக்காட்டி, குருதியுறையா நோயாளரின் மூட்டு மூன்று படிகளிற் சிதைவதை வகுத்துரைத்தார். முதலில் மூட்டினுட் குருதி நிரம்புதல். அடுத்து மூட்டு முழுவதும் அழற்சியுறுதல். இறுதியில் மூட்டு சுருங்கி இறுகிக் கோணலாதல். இப்பாகுபாட்டின் அடிப்படை இன்றும் பிழையென்று சொல்வதற்கில்லை. ஆயின், மூன்றாவது படி நோயின் இயற்கையான முடிவா அன்றி மனிதர் செய்த முடிவா என்ற வினா அன்று எழவில்லை.

அவ்வினா எழாமைக்குக் காரணம் உண்டு. கத்தி வைத்தல் கொலை, அசைத்தல் குருதிக்கசிவு, எஞ்சியது ஓய்வு. பாரிசுச் சாந்துக் கட்டும், மணல் மூட்டைகளும், மாதக்கணக்கான படுக்கையும் அக்காலத்து மருத்துவர் கையிலிருந்த கருவிகள். உறைதற் காரணியை வெளியிலிருந்து கொடுக்க வழியில்லாத நிலையில் அவர்களைக் குறை கூறுவது வரலாற்று நோக்காகாது. 1840இல் இலண்டனில் சாமுவேல் லேன் என்பார் இந்நோயுற்ற சிறுவன் ஒருவனுக்குக் குருதி பாய்ச்சி அவனைக் காப்பாற்றினார். எனினும் குருதி வகைகள் அறியப்படாத அந்நாளில் அது தொடர்ந்து கைக்கொள்ளத்தக்க முறையாக இருக்கவில்லை. 1934இல் மாக்பார்லேன், பார்னெற் ஆகிய இருவரும் கண்ணாடி விரியன் பாம்பின் நஞ்சு குருதியை விரைவில் உறையச் செய்வதை அறிவித்தனர். நம் வயல்வரப்புக்களில் மக்களைக் கொல்லும் அந்நஞ்சு, இலண்டனிற் பல் பிடுங்கிய குழியிலே தடவப்பட்டுக் குருதியை நிறுத்தியது. வெளிப்புண்ணுக்கு உதவிய அது மூட்டினுட் செல்ல வழியில்லை. மூட்டு அப்பொழுதும் தனித்தே விடப்பட்டது.

அரண்மனைச் சான்றுகளையும் நாம் இக்கோணத்திலிருந்து மீள வாசிக்கலாம். விக்ரோறியாவின் மகனான லியோபோல்ட் இளவரசர் மூட்டு வலியுடன் குளிர்காலத்தைக் கழிக்க இயலாமல் தென் பிரான்சின் கான் நகருக்குச் சென்றவர். 1884இல் அங்கு வழுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்டு, மறுநாள் 30 வயதில் இறந்தார். உருசிய முடிக்குரிய இளவரசன் அலெக்சியின் கதை மிகப் பரவலாக அறியப்பட்டது. 1912ஆம் ஆண்டில் ஸ்பாலா என்னும் வேட்டை மாளிகையில் அவனுடைய தொடையிலும் இடுப்படியிலும் குருதி கசிந்து அவன் இறக்கும் தறுவாயை எய்தினான். இரஸ்புட்டினின் தந்தி பற்றிய கதையோடு நூலாசிரியர்கள் இதனை முடித்துவிடுவர். முடிந்த பின்னர் நடந்ததே நமக்குரியது. மடங்கிய இடது கால் மாதக்கணக்காக நிமிரவில்லை. 1913இல் ரோமனோவ் வம்சத்தின் முந்நூறாவது ஆண்டு விழாவில், மக்கள் முன்னிலையில் அவனை ஒருவர் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. பேரரசொன்றின் செல்வம் முழுவதும் அக்கால் நிமிரப் போதுமானதாக இருக்கவில்லை.

அலெக்சியின் ஆசிரியராக இருந்த பியேர் ஜிலியார் என்னும் சுவிற்சர்லாந்தவர் தமது நினைவு நூலிற் கூறும் செய்தியொன்று மனங்கொள்ளத்தக்கது. இரு மாலுமிகள் சிறுவனின் ஒவ்வோர் அசைவையும் காவல் காத்தமை அவனது உள்ளத்தைக் கெடுக்கின்றது என எண்ணிய அவர், காவலைத் தளர்த்தும்படி பெற்றோரை வேண்டினார். அவர்களும் இசைந்தனர். சில நாட்களின் பின் வகுப்பறையிலே நாற்காலியிலிருந்து சறுக்கி விழுந்த சிறுவன் முழங்காலிற் குருதி கசிந்து படுக்கையில் வீழ்ந்தான். பெற்றோர் அவரைக் குறை கூறவில்லை. காவலைத் தளர்த்திய முடிவையும் மாற்றவில்லை என்கிறார் ஜிலியார். ஓய்வா இயக்கமா என்ற வினாவை மருத்துவருக்கு முன்னர் ஓர் ஆசிரியரும் ஒரு தாயும் தந்தையும் எதிர்கொண்டனர் என்பதற்கு இது சான்று. (2009இல் எலும்பெச்சங்களின் மரபணுக்களை ஆராய்ந்தோர், அவனைப் பீடித்தது பி வகையே என நிறுவினர்.) அரண்மனைக்கு வெளியே இதே வினாவை எதிர்கொண்ட எண்ணற்ற குடும்பங்கள் நினைவு நூல் எழுதவில்லை.

இங்கு ஒரு கணக்கையும் நோக்குதல் வேண்டும். சுவீடனின் நோயாளர் பதிவுகளை ஆராய்ந்தோர், 1831 முதல் 1920 வரையான காலத்திற் கடுமையான நோயுடையோரின் இடைநிலை ஆயுள் ஏறத்தாழ 11 ஆண்டுகள் எனவும், 1961 முதல் 1980 வரையான காலத்தில் அது ஏறத்தாழ 57 ஆண்டுகளாக உயர்ந்தது எனவும் கணித்தனர். சிதைந்த மூட்டும் தீராத வலியும் உயிர் தப்பியோரின் நோய்கள். பதினொரு வயதில் இறக்கும் சிறுவனுக்கு நாற்பது வயதின் மூட்டுவலி இல்லை. ஆகவே மருத்துவம் முன்னேற முன்னேற, மூட்டு பற்றிய வினா குறையாது பெருகிற்று என்பதே உண்மை.

இயன்மருத்துவம் என நாம் இன்று வழங்கும் தொழில் இதே காலத்தில் வேறொரு திசையில் வளர்ந்துகொண்டிருந்தது. 1894இல் இலண்டனில் நான்கு தாதியர் சேர்ந்து, பயிற்சி பெற்ற உடற்பிடிப்புத் தொழிலாளருக்கான சங்கமொன்றை நிறுவினர். 1920இல் அது அரச பட்டயம் பெற்றது. 1944இல் இயன்மருத்துவர் சங்கம் எனப் பெயர் மாறிற்று. இரு உலகப் போர்களின் ஊனமுற்ற படைவீரரும், இளம்பிள்ளை வாதத்தால் முடங்கிய சிறுவருமே இத்தொழிலின் பயிற்சிக்களமாயினர். பெரும்பாலும் பெண்களாலே செய்யப்பட்டதும், கையால் உழைப்பதும், மருத்துவரின் கட்டளைக்குக் கீழ்ப்பட்டதுமான இத்தொழிலுக்கு மருத்துவ வரலாற்று நூல்களில் இடம் குறைவாகக் கிடைத்தமை வியப்பன்று. குருதியுறையா நோயாளரிடம் இத்தொழிலாளர் நெடுங்காலம் அண்டவில்லை, அண்ட விடப்படவுமில்லை. மெலிந்த தசைக்குப் பயிற்சி வேண்டும் என்பதை இளம்பிள்ளை வாதம் கற்பித்திருந்தது. அதே பயிற்சி இங்கே குருதியைக் கசியச் செய்யுமே என்ற அச்சம் அவர்களின் கையைத் தடுத்தது.

இத்தடையை நீக்கியது ஒரு குளிர்சாதனப் பெட்டி எனலாம். 1937இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பற்றெக், ரெய்லர் ஆகியோர் குருதித் திரவவிழையத்திலுள்ள ஒரு பொருளே உறைதலைச் சீர்செய்கின்றது எனக் காட்டினர். 1952இல் ஒக்ஸ்போட்டில் றோஸ்மேரி பிக்ஸ் குழுவினர் பி வகையைத் தனியாகப் பிரித்தறிந்தனர். ஆயினும் நோயாளருக்கு வேண்டிய காரணியைத் திரவவிழையத்தின் மூலம் கொடுப்பதாயின் லீற்றர் கணக்கிற் பாய்ச்ச வேண்டும். இதயம் அதனைத் தாங்காது. 1964இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் ஜூடித் பூல், உறையவைத்த திரவவிழையத்தைக் குளிரிலேயே மெல்ல இளகவிடும்பொழுது அடியில் எஞ்சும் படிவில் எட்டாம் காரணி செறிந்திருப்பதை அறிவித்தார். சாதாரண குருதி வங்கியொன்று தன்னிடமுள்ள கருவிகளைக் கொண்டே செய்யத்தக்க முறை இது. ஏ வகை நோயாளருக்குச் சிறிய அளவிலேயே போதிய காரணியைக் கொடுத்தல் இதனாற் சாத்தியமாயிற்று. பின்னர் உலர்தூள் வடிவிலான செறிபொருள்கள் வந்தன. 1970களில் நோயாளர் வீட்டிலேயே தமக்குத் தாமே ஊசியேற்றத் தொடங்கினர்.

இதன் பின்னரே இயன்மருத்துவர் நோயாளரின் கட்டிலருகே வர முடிந்தது. வந்தபொழுது, ஓய்வின் இடம் முற்றாக மறைந்துவிடவில்லை; அது நாட்கணக்கிற்குச் சுருங்கிற்று. கசிவு நிகழ்ந்தவுடன் காரணி ஏற்றப்படும். மூட்டு உயர்த்தி வைக்கப்பட்டுக் குளிர் ஒற்றடம் இடப்படும். வலி தணியத் தொடங்கியதும், மூட்டை அசைக்காமலே தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி தொடங்கும். அடுத்து, வலியின் எல்லைக்குள் நோயாளர் தாமே மூட்டை அசைத்தல். ‘தாமே’ என்பது இங்கு முக்கியமானது. பிறரொருவர் பிடித்து வலிந்து நீட்டினால் மூட்டு கிழிந்து மீண்டும் கசியும். நெடுநாள் மடங்கிய முழங்காலை மயக்கமருந்து கொடுத்து ஒரேயடியாக நிமிர்த்த முற்பட்டோர், கீழ்க்காலெலும்பு பின்னோக்கி நழுவுவதைக் கண்டனர். இன்று அதனைச் சில நாட்களுக்கொருமுறை மாற்றப்படும் சாந்துக்கட்டுக்களாற் சிறிது சிறிதாகவே நிமிர்த்துகின்றனர். முழங்கால் நிமிர்வின் கடைசிச் சில பாகைகளே மிகக் கடினமானவை. அவற்றைப் பெறாதவர் வாழ்நாள் முழுவதும் நொண்டுவர். இறுதியாக ஒற்றைக்காலில் நிலைபெற்று நிற்கும் பயிற்சியும், நீச்சலும். நீரின் மிதப்பில் மூட்டு உடற்பாரத்தைச் சுமக்காமலே தசை உழைக்கின்றது.

விதிவிலக்கும் உண்டு. இடுப்பின் உட்புறத் தசையிற் குருதி கசிந்தால் இடுப்பு மடங்கித் தொடையின் முன்புறம் மரத்துப்போகும். அங்கே படுக்கையே சிகிச்சை. இடுப்பு நிமிரும் முன் நடக்கவிட்டால் கசிவு திரும்பும். எங்கே ஓய்வு, எங்கே இயக்கம் என்பதை ஒவ்வொரு தசைக்கும் மூட்டுக்கும் தனித்தனியே அறிதல் இயன்மருத்துவரின் கைப்பழக்கமாகும். பிறெண்டா பசார்ட், கரன் பீற்றன் ஆகிய இரு பிரித்தானிய இயன்மருத்துவர் இவ்வறிவைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் நூலாகப் பதிப்பித்தனர். சிறுவரின் மூட்டுக்களை அளந்து புள்ளியிடும் முறையொன்று, ரொறொன்ரோ இயன்மருத்துவர் பமெலா ஹிலியார்ட் முன்னின்ற குழுவினால் 2006இல் உலக வழக்கிற்கு வந்தது. இப்பெயர்கள் ஜூடித் பூலின் பெயரளவுக்கேனும் அறியப்பட வேண்டியவை என்பது எமது கருத்து.

சுவீடனில் இதற்கு முன்னரே வேறொரு துணிவு தோன்றியிருந்தது. கசிந்தபின் மருந்து கொடுப்பதை விட்டுக் கசியுமுன்னரே கொடுப்பது பற்றி மல்மோ நகரின் இங்கா மரீ நில்சன் 1950களின் பிற்பகுதியிற் சிந்தித்தார். காரணியின் அளவு நூற்றுக்கு ஒன்றிற்கு மேல் உள்ளோரின் மூட்டுக்கள் பெரிதும் சிதைவதில்லை என்பதைச் சுவீடன் மருத்துவர் அவதானித்திருந்தனர். அப்படியாயின், கடுமையான நோயுடைய குழந்தையையும் அவ்வளவுக்கு மேல் வைத்திருந்தால் என்ன என்பதே அவருடைய வாதம். எளிமையான இவ்வாதம் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட ஐம்பதாண்டுகள் சென்றன. 2007இல் வெளியான ஐக்கிய அமெரிக்க ஆய்வொன்றில், முறையாகத் தடுப்புமருந்து பெற்ற சிறுவருள் நூற்றுக்கு 93 பேரின் மூட்டுக்கள் ஆறு வயதிற் சிதைவின்றி இருந்தன. கசிந்தபின் மட்டும் மருந்து பெற்றோருள் அவ்வாறிருந்தோர் 55 பேர். சுவீடன் முந்திக்கொண்டமைக்கு அறிவு மாத்திரம் காரணமன்று. வாரம் மும்முறை ஊசியேற்றும் செலவை ஒரு குடும்பம் தாங்காது. மருத்துவத்தைச் சமூகத்தின் பொதுப்பொறுப்பாக ஏற்ற அரசொன்று அங்கிருந்தது. றொபேட் மாசி, சுசான் மாசி ஆகிய அமெரிக்கத் தம்பதியர் தம் மகனின் நோய் பற்றி 1975இல் எழுதிய நூலிலும், தம் நாட்டிற் பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையையும் பிரான்சில் உரிமையாகக் கிடைத்த சிகிச்சையையும் ஒப்பிட்டு இதையே வெளிப்படுத்தினர்.

இயக்கத்தைச் சாத்தியமாக்கிய மருந்தே பின்னர் கொல்லவும் செய்தது. இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி ஹாம்ஷயர் மாவட்டத்தின் ஓல்டன் நகரிலுள்ள ட்ரெலோர் நிறுவனத்தில் நிகழ்ந்தது. எலும்பு மூட்டுக் காசநோயால் ஊனமுற்ற சிறுவருக்கென 1908இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 1970களிற் குருதியுறையா நோயுடைய மாணவரைப் பெருமளவில் ஏற்றது. பள்ளி வளாகத்திலேயே சிகிச்சை நிலையம் இருந்தமையால், கசிவு ஏற்பட்ட மாணவன் உடனே மருந்து பெற்று வகுப்புக்குத் திரும்பலாம். படுக்கையிற் பள்ளிப்பருவத்தை இழந்த முன்னைய தலைமுறையோடு ஒப்பிடுகையில் இது விடுதலையாகவே தோன்றியிருக்கும். ஆயின் அம்மருந்து, ஐக்கிய அமெரிக்காவிற் பணம் பெற்றுக் குருதி விற்ற ஆயிரக்கணக்கானோரின் திரவவிழையத்தை ஒன்றாகக் கலந்து செய்யப்பட்டது. சிறைக்கைதிகளும் வறியோரும் அதை விற்றோருள் அடங்குவர். ஒருவரின் தொற்று ஒரு தொகுதி முழுவதையும் நஞ்சாக்கியது. 1970 முதல் 1987 வரை அங்கு பயின்ற, இந்நோயுடைய 122 மாணவருள் ஏறத்தாழ 30 பேரே எஞ்சியிருந்தனர் எனப் பிரித்தானியாவில் நடைபெற்ற பொது விசாரணையின் அறிக்கை 2024 மே மாதத்தில் எடுத்துரைத்தது. சிறுவர் பலர் பெற்றோரறியாது ஆராய்ச்சிப் பொருளாக்கப்பட்டனர் என்பதையும் அவ்வறிக்கை கண்டது. பிரித்தானியாவிற் குருதியுறைதற் குறைபாடுடையோருள் எச்.ஐ.வி. தொற்றியோர் மாத்திரம் ஏறத்தாழ 1250 பேர். உலகக் குருதியுறையா நோய்ச் சம்மேளனத்தை 1963இல் நிறுவிய, தாமும் இந்நோயாளரான பிராங் ஷ்னாபெல், 1987இல் எயிட்சினால் இறந்தார். குருதியை விலைப்பண்டமாக்கிய முறை எவருடைய உடலில் தன் கணக்கைத் தீர்த்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வலியைப் பற்றித் தனியே சில கூறுதல் வேண்டும். இந்நோயாளருக்கு இருவகை வலி உண்டு. குருதி நிரம்பிய மூட்டின் வலி, விரைந்து வந்து காரணி ஏற்றியதும் தணிவது. சிதைந்த மூட்டின் வலி, நாள்தோறும் இருப்பது. காலையில் இறுக்கமாகவும் நடந்தபின் மிகுதியாகவும் தோன்றுவது. இரண்டையும் நோயாளரே சில வேளைகளிற் பிரித்தறிய முடிவதில்லை. சிதைவின் வலியைக் கசிவென எண்ணி விலையுயர்ந்த காரணியை வீணாக ஏற்றுவோரும், கசிவைப் பழைய வலியென எண்ணிப் பொறுத்துக்கொண்டு மூட்டை மேலும் இழப்போரும் உளர். அண்மைக்காலத்திற் கழியொலிக் கருவியை மூட்டின்மீது வைத்து உள்ளே குருதி உண்டா எனப் பார்க்க இயன்மருத்துவரும் பயின்று வருகின்றனர். மருந்தின் வரலாறும் இங்கு கசப்பானதே. 1899 முதல் விற்பனைக்கு வந்த அஸ்பிரின் மூட்டுவலிக்கு உலகெங்கும் கொடுக்கப்பட்டது. குருதிச் சிறுதட்டுக்களின் செயலை அது கெடுத்துக் கசிவை மிகுவிக்கின்றது என்பது 1960களின் பிற்பகுதியிலேதான் தெளிவாயிற்று. அபினி சார்ந்த மருந்துகள் வேறு தளையை இட்டன. ஆதலால் தசையை வலுப்படுத்தி மூட்டின் பாரத்தைக் குறைக்கும் பயிற்சி, வலிதீர்க்கும் வழிகளுள் மிகக் குறைந்த தீங்குடையதாக எஞ்சுகின்றது. இந்நோயில் உடற்பயிற்சியின் பயனை 2016இல் மதிப்பிட்ட தொகுப்பாய்வு, தகுதியுடைய சோதனைகளாக எட்டினை மாத்திரமே கண்டது. அவற்றுள் எதுவும் பயிற்சியினால் விளைந்த தீங்கினைப் பதிவு செய்யவில்லை. காரணிகளைப் பற்றிய ஆய்வுகளின் பெருக்கத்தோடு இவ்வெண்ணிக்கையை ஒப்பிடுக. விற்கத்தக்க பொருள் எதுவும் இல்லாத சிகிச்சைக்கு ஆய்வுப் பணம் கிடைப்பது அரிது.

2019இல் வெளியான கணிப்பொன்று, உலகில் இந்நோயுடைய ஆண்கள் ஏறத்தாழ 11 இலட்சத்து 25 ஆயிரம் எனவும், அவர்களுட் கடுமையான நோயுடையோர் 4 இலட்சத்து 18 ஆயிரம் எனவும் மதிப்பிட்டது. இவர்களுட் பெரும்பாலோர் வறிய நாடுகளிலேயே உள்ளனர். மேனாட்டார் தம் குழந்தைகளுக்கு வழங்கும் தடுப்புமருந்து அவர்களுக்குப் போதியளவு எட்டவில்லை. இங்கேதான் இயன்மருத்துவத்தைப் பற்றிய ஓர் அபாயகரமான எண்ணம் தோன்றுகின்றது: மருந்துக்கு வழியில்லாதோர் பயிற்சியினாற் சமாளிக்கட்டும் என்பதே அது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. காரணி இல்லாத பயிற்சி, கசிவுக்கும் முடக்கத்துக்கும் நடுவே மெல்லிய வரம்பின்மீது நடப்பதாகும். கைதேர்ந்த இயன்மருத்துவர் அவ்வரம்பில் நோயாளரை வழிநடத்துவர் என்பது உண்மை. அதனைக் காட்டி அரசுகள் மருந்துச் செலவைத் தவிர்த்துக்கொள்வது நேர்மையாகாது. மறுபுறம், மருந்து நிறைந்த நாடுகளில் இயன்மருத்துவம் தேவையற்றதெனக் கருதும் போக்கும் காணப்படுகின்றது. 2017 முதல் வழங்கும் எமிசிசுமாப் என்னும் மருந்தை ஏ வகை நோயாளர் தோலின்கீழ் ஏற்றிக்கொள்ளலாம். நான்கு வாரங்களுக்கு ஒருமுறையும் போதும். 2022இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட, பி வகைக்கான மரபணுச் சிகிச்சையின் விலை 35 இலட்சம் டொலர். இச்சிகிச்சைகள் இனிவரும் கசிவைத் தடுப்பன. முன்னரே இழந்த கசியிழையத்தை அவை மீட்பதில்லை.

தமிழ்நாட்டின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து 2005இல் வெளிவந்த அளவைமுறையொன்று இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. மூட்டின் கோணத்தையோ எக்ஸ்கதிர்ப் படத்தையோ அளப்பதோடு நில்லாமல், நோயாளர் எதனைத் துணையின்றிச் செய்யவல்லார் என்பதைச் செய்வித்துப் பார்த்துப் புள்ளியிடும் முறை அது. எக்ஸ்கதிர்ப் படத்திலே முற்றாகச் சிதைந்து தோன்றும் முழங்காலோடு வேலைக்குச் சென்று வருவோர் உளர். படத்திற் சிறிதளவே சிதைந்த முழங்காலோடு வீட்டிலிருப்போரும் உளர். இன்று வழங்கும் வடிவில் அம்முறை எட்டுச் செயல்களை நோக்குகின்றது: உண்ணலும் தலைவாரலும், குளித்தல், உடுத்தல், நாற்காலியிலிருந்து எழுதல், குந்துதல், நடத்தல், படியேறல், ஓடுதல். நாற்காலியில் அமர்ந்து வாழும் சமூகத்திலே தோன்றிய அளவைகளிற் குந்துதலுக்கு இத்தகைய இடம் எதிர்பார்க்கத்தக்கதன்று. நிலத்திலமர்ந்து உண்பவனுக்கும், வயலிற் களை பிடுங்குபவனுக்கும், குந்தியே மலங்கழிக்க வேண்டியவனுக்கும் முழங்கால் எத்தனை பாகை மடங்குகின்றது என்பது வாழ்க்கைப் பிரச்சினை. ஒவ்வொரு செயலுக்கும் ஒன்று முதல் நான்கு வரை புள்ளி வழங்கப்படும். எதனையும் பற்றாமல், நோயற்ற ஒருவரைப் போலக் குந்தி எழுபவருக்கு நான்கு; குந்தவே இயலாதவருக்கு ஒன்று.